வயதானவர்களின் கால், தோல் பராமரிப்பு: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

என் அப்பாவுக்கு 20 வருடத்துக்கு மேலாகச் சர்க்கரை நோய். அவர் காலை நான் பார்த்துக்கொள்ளத் தொடங்கிய முதல் சில மாதங்கள், ஒரே தவறைத் தினமும் செய்தேன். குளித்து வந்ததும் இரண்டு காலுக்கும் தேங்காய் எண்ணெய் தடவுவேன், அப்புறம்தான் பாதத்தைப் புரட்டிப் பார்ப்பேன். எண்ணெய் பட்ட தோல் முழுக்க ஒரே மாதிரி மினுங்கும். சுண்டுவிரல் இடுக்கில் தோல் ஊறி, வெள்ளையாகிப் பிளந்திருந்தது என் கண்ணில் படவே இல்லை. சாக்ஸில் கறையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அது ஆற ஏழு வாரம் ஆனது.

அதற்குப் பிறகு மாமியாருக்கும் பெரியம்மாவுக்கும் இதே வேலையைச் செய்தேன். உறவில் யாராவது புதிதாகப் பெரியவர்களைக் கவனிக்க வந்தால் கூட உட்கார்ந்து சொல்லியும் கொடுக்கிறேன். எல்லோரும் தடுமாறுவது வரிசையில்தான். எடுத்தவுடன் வெந்நீர் பக்கெட்டைக் கொண்டு வந்துவிடுகிறார்கள். அதனால் கீழே சொல்லியிருப்பதை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

சர்க்கரை நோய் உண்டா, எத்தனை வருடமாக? பாதத்தில் எரிச்சல், மதமதப்பு, பஞ்சில் நடப்பது போன்ற உணர்வு இருக்கிறதா? கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் சரியாகிறதா? முன்பு எப்போதாவது காலில் புண் வந்து ஆற நாளானதா? இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா?

எரிச்சலும் மதமதப்பும் நரம்பு பாதித்ததைச் சொல்கின்றன. நடந்தால் வந்து நின்றால் போகும் வலி, காலுக்கு இரத்தம் சரியாகப் போகவில்லை என்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும், முன்பு புண் வந்திருந்தாலும், நகம் வெட்டுவதை நீங்கள் தொடங்க வேண்டாம். ஒரு முறை மருத்துவரிடம் காட்டிவிட்டு, வீட்டில் எதைச் செய்யலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சின்ன வெட்டு பட்டாலும் இரத்தம் நிற்க நேரமாகும். பட்டால், சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் கையை எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் திறந்து பார்த்தால் மறுபடி கசியும்.

2. பக்கத்தில் எடுத்து வைக்க வேண்டியவை

டார்ச். மூக்குக்கண்ணாடி, உங்களுக்குத் தேவை என்றால் உங்களுடையதும். இரண்டு பழைய வேட்டித் துண்டுகள், ஒன்று துடைக்க, ஒன்று மடியில் விரிக்க. பெரிய நகவெட்டி, நகம் தேய்க்கும் அட்டை அரம். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் கிரீம் அல்லது வாஸ்லின், குதிகாலுக்கு யூரியா கலந்த கிரீம். காஸ் துணி, காகித பிளாஸ்டர். ஒரு சின்ன நோட்டு, பேனா.

நகவெட்டி அவருக்கென்று தனியாக இருக்கட்டும். நகத்தில் வரும் பூஞ்சை ஒரே நகவெட்டியால் வீடு முழுக்கப் பரவும்.

எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது முக்கியம். ஈரக்காலோடு அவரை உட்கார வைத்துவிட்டு நீங்கள் துண்டு தேடிப் போனால், அவர் எழுந்து நடந்துவிடுவார். எங்கள் வீட்டில் பெரியம்மா அப்படித்தான் வழுக்கி விழுந்தார்.

3. காலைக் கொடுக்க வைப்பது

இது ஒரு படியா என்று கேட்கலாம். எனக்கு அதிக நாள் பிடித்தது இதற்குத்தான். பெரியவர்கள் காலைக் காட்டக் கூச்சப்படுவார்கள். மருமகளிடம் மாமனார் காட்ட மாட்டார். வலி இருந்தால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுவார்கள் என்ற பயத்தில் புண்ணை மறைப்பவர்களும் உண்டு. என் மாமியார் ஆணிக்காலை ஒரு மாதம் மறைத்தார்.

"காலைக் காட்டுங்க, பார்க்கணும்" என்று கேட்டால் சோதனை மாதிரி இருக்கும். "கொஞ்ச நேரம் கால் பிடிச்சு விடட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அது நமக்குப் பழகிய உபசாரம். இதமாகப் பிடித்துக்கொண்டே பார்த்துவிடலாம். ஆனால் ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலிக்கிறது என்றால் பிடித்துவிடவே கூடாது. இரத்தக் குழாய்க்குள் இரத்தம் கட்டியிருந்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அவர் நாற்காலியில், நீங்கள் எதிரில் மணையில். ஜன்னல் வெளிச்சம் பாதத்தில் விழட்டும். நேரம் தினமும் ஒன்றாக இருந்தால் அவரே எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார். தனியாக இருப்பவர் என்றால், தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன் மேல் பாதத்தைத் தூக்கிப் பிடித்து உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. ஈரம் படுவதற்கு முன் பார்ப்பது

தண்ணீரோ எண்ணெயோ படாத காலைத்தான் பார்க்க வேண்டும். ஈரம் பட்டால் செதில், வெடிப்பு, உலர்ந்த கசிவு எல்லாம் மறைந்துவிடும்.

கழற்றிய சாக்ஸிலிருந்து தொடங்குங்கள். கறை இருக்கிறதா, வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் விரலிடுக்குகள், ஒவ்வொன்றாக, விரித்து டார்ச் அடித்து. தோல் வெள்ளையாக ஊறியிருந்தால் சேற்றுப்புண். அடுத்து விரல் நுனிகள், நகத்தின் ஓரங்கள், உள்ளங்காலின் முன்பகுதி, கடைசியில் குதிகாலைச் சுற்றி முழுவதும். எப்போதும் ஒரே வரிசையில் போனால் எந்த இடமும் விட்டுப்போகாது.

நம் தோல் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. கொஞ்சம் கறுத்தோ ஊதாவாகவோ, சுற்றியுள்ள தோலைவிடப் பளபளப்பாகவோ தெரியும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையை வைத்துப் பாருங்கள். இரண்டு பாதத்தையும் ஒரே நேரத்தில் தொட்டால் ஒன்று சூடாக இருப்பது உடனே தெரியும்.

காய்ப்பு எங்கே இருக்கிறதோ அங்கே அழுத்தம் அதிகம் என்று பொருள். காய்ப்புக்கு நடுவில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அழுக்கு என்று நினைத்துத் தேய்க்காதீர்கள். உள்ளே இரத்தம் கட்டி, அடியில் புண் உருவாகியிருக்கலாம். அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மெட்டி போட்டிருக்கும் அம்மாக்களுக்கு விரல் வீங்கி மெட்டி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். கழற்றச் சொன்னால் மனது கஷ்டப்படும். நெகிழ்வாகத் திருத்திக் கொடுக்க நகைக்கடையில் சொல்லலாம். விரலில் பள்ளம் விழும் அளவுக்கு இறுகியிருந்தால் மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

சந்தேகமான இடத்தைப் போனில் படம் எடுத்து, தேதியை நோட்டில் எழுதிவையுங்கள். மூன்று நாள் கழித்து 'அன்றைக்கும் இப்படித்தான் இருந்ததா?' என்ற கேள்வி கட்டாயம் வரும்.

5. உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது

இது தினமும் வேண்டாம், மாதம் ஒரு முறை போதும். அவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியைப் பூப்போல ஓரிரு நொடி தொடுங்கள். தொட்டது தெரிந்தால் வலது அல்லது இடது என்று சொல்ல வேண்டும். மொத்தம் ஆறு இடம். இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, பதில் வராதபோது அழுத்தித் தொடுவது. "இப்ப தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் எல்லா விரலும் தெரிந்துவிடும், சோதனை வீணாகிவிடும். ஒரு விரலுக்கு ஒரு முறைதான்.

உணர்ச்சி குறைந்த கால் என்று தெரிந்தால் வீட்டிலேயே பல பழக்கங்களை மாற்ற வேண்டும். வெந்நீர்ப் பை, உப்பு ஒத்தடம், செங்கல் ஒத்தடம் எதுவும் கூடாது, கொப்புளித்தாலும் அவருக்குத் தெரியாது. கோயிலுக்கு நடுப்பகலில் அழைத்துப் போகாதீர்கள், பிரகாரத்துக் கல் உள்ளங்காலைச் சுட்டுவிடும். கல் சூடேறும் முன் காலையில் போய்வரலாம். எலித் தொல்லை உள்ள வீட்டில் இரவில் எலி விரலைக் கடிப்பதும் உண்மையில் நடக்கிறது. காலையில் படுக்கையில் இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். அவர் படுக்கும் அறைக்கு எலி வராதபடி செய்து, சாக்ஸ் போட்டுப் படுக்க வையுங்கள்.

6. கழுவுவது

தண்ணீர் வெதுவெதுப்பாக, 37 டிகிரிக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். அவர் காலை விட்டுப் பார்க்கக் கூடாது, நீங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். வேலை செய்து காய்த்த உள்ளங்கை சூட்டைச் சரியாகச் சொல்லாது.

ஊறவைக்காதீர்கள். உப்புப் போட்டு அரை மணி நேரம் ஊறவைப்பது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் தோலில் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசை கரைந்து முன்னைவிடக் காய்ந்துபோகும், விரலிடுக்கு ஊறிப் பிளக்கும். குவளையில் மொண்டு ஊற்றி, மென்மையான சோப்பைக் கையில் நுரைத்துத் தேய்த்து, இரண்டு மூன்று நிமிடத்தில் முடித்துவிடலாம். டெட்டால் கலந்த தண்ணீரும் தினசரிக்கு வேண்டாம், முதிர்ந்த தோலை அது வறட்டும்.

குதிகாலைக் கல்லில் தேய்க்கும் பழக்கம் நம் ஊரில் வேரோடிப் போனது. உணர்ச்சி நன்றாக இருப்பவர், வெடிப்பு ஆழமில்லாதவர் லேசாகத் தேய்த்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு வேண்டாம். எவ்வளவு தேய்த்தோம் என்பதைச் சொல்ல வலிதான் இருக்கிறது, அந்த வலி அவர்களுக்கு வராது.

7. துடைப்பது

ஒத்தி எடுங்கள், தேய்க்க வேண்டாம். விரலிடுக்கில் வேட்டித் துண்டின் ஓரத்தை நுழைத்து ஒவ்வொன்றாக ஈரம் எடுக்க வேண்டும். தடித்த துவாலை அங்கே நுழையாது. என் அப்பாவின் ஏழு வாரத் தொல்லை இந்த ஒரு நிமிட வேலை விட்டுப்போனதால் வந்ததுதான். எட்டு இடுக்குகளையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே துடைப்பது என் பழக்கம்.

8. நகம் வெட்டுவது

கழுவித் துடைத்தவுடன் நகம் மென்மையாக இருக்கும், அதுவே நல்ல நேரம். கிரீம் தடவிய பிறகு வெட்டினால் நகவெட்டி வழுக்கும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை போதும்.

நேராக வெட்டுங்கள். விரல் நுனியோடு சமமாக நின்றால் சரி, அதற்கு உள்ளே போக வேண்டாம். ஓரங்களை வளைத்து ஆழமாக வெட்டினால், வளரும்போது நகம் சதைக்குள் குத்தும். கூராக நிற்கும் முனையை அரத்தால் ஒரே திசையில் தேய்த்துவிடுங்கள். ஒரே கடியில் முழு நகத்தையும் எடுக்கப் பார்க்காமல் சிறிது சிறிதாகக் கடித்துப் போங்கள். முழுதாக அழுத்தினால் தடித்த நகம் நடுவில் பிளக்கும்.

நகத்துக்கு அடியில் இருக்கும் அழுக்கை ஊக்காலோ குச்சியாலோ நோண்டாதீர்கள். மஞ்சளாகி, மரச்சில்லு போலத் தடித்துப் பொடியும் நகம் பெரும்பாலும் பூஞ்சையால் வருவது. வாரம் ஒரு முறை அரத்தால் மேல்பக்கத்தைத் தேய்த்து மெலிதாக்கலாம். அதற்கு மேல் மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம்.

ஆணிக்காலுக்கும் காய்ப்புக்கும் பிளேடு வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் ஆணிக்கால் பிளாஸ்டரும் சர்க்கரை நோயாளிக்கு ஆகாது. அதில் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது, ஆணியோடு சேர்த்து நல்ல தோலையும் அரித்துவிடும்.

9. எண்ணெய், கிரீம்

ஈரம் ஒத்தி எடுத்த சில நிமிடங்களுக்குள் தடவ வேண்டும், தோலில் மிச்சமிருக்கும் ஈரத்தை அது உள்ளேயே பிடித்து வைக்கும். காய்ந்த பிறகு தடவினால் பாதிப் பலன்தான். புறங்கால், உள்ளங்கால், குதிகால், கெண்டைக்கால் வரை தடவுங்கள். விரலிடுக்கில் மட்டும் வேண்டாம், அங்கே ஈரப்பசை நின்றால் பூஞ்சை வளரும்.

பித்தவெடிப்புக்கு யூரியா கிரீமை இரவில் தடவி, பருத்திச் சாக்ஸ் போட்டுவிட்டால் ஓரிரு வாரத்தில் தோல் மென்மையாகும். வெடிப்பில் இரத்தம் கசிந்தால் யூரியா எரியும். ஆறும்வரை அந்த இடத்தில் வாஸ்லின் மட்டும் போடுங்கள்.

தேங்காய் எண்ணெய் நல்லதுதான், நானும் அப்பாவுக்கு அதைத்தான் தடவுகிறேன். ஆனால் எண்ணெய்க் காலோடு டைல்ஸ் தரையில் நடந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். தடவிய அரை மணி நேரம் கட்டிலிலேயே இருக்கட்டும், இல்லையென்றால் அடியில் பிடிமானம் உள்ள சாக்ஸ் போட்டுவிடுங்கள்.

10. உடம்புத் தோல்

வயதானால் தோலில் எண்ணெய்ச் சுரப்பு குறையும். முழங்காலுக்குக் கீழே சாம்பல் பூத்த மாதிரி வெளுத்து அரிப்பது இதனால்தான். சோப்பை அக்குள், தொடையிடுக்கு, பாதத்தோடு நிறுத்திவிட்டு மற்ற இடங்களுக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றினாலே பல பேருக்கு அரிப்பு பாதியாகக் குறையும். சோப்பு இல்லாமல் குளித்த மாதிரியே இல்லை என்பவருக்குப் பயத்தமாவு கொடுங்கள்.

மார்புக்கு அடியிலும் தொடையிடுக்கிலும் வயிற்று மடிப்பிலும் பவுடரைக் கொட்டாதீர்கள். வியர்வையோடு சேர்ந்து கட்டியாகித் தோலை உராயும். மடிப்பைத் தூக்கி ஈரத்தை ஒத்தி, மெல்லிய பருத்தித் துணியை இடையில் வைத்தால் போதும்.

மருந்துக்கடையில் 'படைக்கு ஒரு கிரீம்' என்று கேட்டு வாங்குவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அப்படி வாங்கும் பல கிரீம்களில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும், ஏற்கெனவே மெலிந்த தோல் இன்னும் மெலியும்.

உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் எரிச்சலோடு பட்டையாகக் கொப்புளம் வந்தால் அது அக்கி. காவி பூசி அக்கி எழுதுவதில் பலருக்கு நம்பிக்கை உண்டு, அதை நான் தடுக்கச் சொல்லவில்லை. முதலில் மருத்துவரிடம் போங்கள். வைரஸ் மருந்தைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். பின்னால் மாதக்கணக்கில் நிற்கும் நரம்பு வலி பெரியவர்களுக்கு அதிகம் வருகிறது.

தடிப்போ செதிலோ இல்லாமல் உடம்பு முழுக்க அரித்தால் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு பரிசோதனை தேவைப்படலாம். இரவில் அரிப்பு கூடி, வீட்டில் இன்னொருவருக்கும் அரித்தால் அது சிரங்காக இருக்கலாம். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும்.

11. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். மாற்றும்போதெல்லாம் பின்னிடுப்பு, இடுப்பின் பக்க எலும்பு, குதிகால், கணுக்கால் எலும்பு, காதுமடல் ஆகியவற்றைப் பாருங்கள். நிறம் மாறிய இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்ப வேண்டும். வெளுக்காமல் அப்படியே நின்றால், அல்லது அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால், படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. அந்த இடத்தின் மேல் மறுபடி படுக்க விடாதீர்கள். தேய்த்துவிடவும் கூடாது, உள்ளே நைந்த சதை இன்னும் நையும்.

இழுத்து நகர்த்தாதீர்கள், அடியில் ஒரு போர்வையை மடித்துப் போட்டு இரண்டு பேராகத் தூக்கி மாற்றுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் படுக்கையில் படாமல் தொங்க விடுங்கள். வட்டமான ரப்பர் காற்று வளையம் வேண்டாம், விளிம்பு அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். ஏர் பெட் போட்டிருந்தாலும் பக்கம் மாற்றுவதை நிறுத்தக் கூடாது.

டயப்பர் ஈரமானவுடன் மாற்றி, துடைத்து, துத்தநாக ஆக்ஸைடு கிரீமை மெல்லியதாகப் பூசுங்கள். உங்கள் மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைத்துவிட்டுத் தொடுங்கள். காகிதம் போன்ற தோல் ஒரு உரசலில் கிழிந்துவிடும்.

12. செருப்பு

வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். இதற்குப் பெரியவர்கள் சம்மதிப்பது கஷ்டம். வீட்டுக்கென்று புதிதாக ஒரு ஜோடி வாங்கி, அதை வாசல் தாண்ட விடாமல் வைத்திருந்தால் ஒத்துக்கொள்வார்கள்.

விரலிடுக்கில் வார் வரும் ரப்பர் செருப்பு உணர்ச்சி குறைந்த காலுக்கு ஆகாது. வார் இடுக்கை அறுக்கும், செருப்பு கழன்று போனதும் தெரியாது. குதிகாலுக்குப் பின்னால் வார் உள்ள எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற நுண்துளை ரப்பர் அடியுள்ளது) வாங்குங்கள். மாலையில் போய் வாங்க வேண்டும், அப்போதுதான் பாதம் வீங்கிய அளவில் இருக்கும். காகிதத்தில் அவர் நின்றபடி பாதத்தை வரைந்து, வெட்டி, செருப்புக்குள் வைத்துப் பாருங்கள். மடங்கினால் அளவு சரியில்லை. புதுச் செருப்பை முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றி, பாதத்தைப் பாருங்கள்.

போடும் முன் ஒவ்வொரு முறையும் கையை உள்ளே விட்டுத் தடவ வேண்டும். அப்பாவின் செருப்பில் ஒரு முறை புளியங்கொட்டை கிடந்தது. காலையிலிருந்து அதன் மேலேயே நடந்திருக்கிறார், அவருக்குத் தெரியவில்லை.

13. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டியவை

சர்க்கரை நோயாளிக்குக் காலில் எந்தப் புண்ணும், வலிக்காவிட்டாலும். காயமே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சூடாகி வீங்கினால், அதை ஊன்ற விடாமல் கூட்டிப் போங்கள், உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். விரல் நீலமாகவோ கறுப்பாகவோ மாறிச் சில்லென்று இருந்தால். புண்ணிலிருந்து தடிப்பு மேல்நோக்கிப் பரவினால், காய்ச்சல் வந்தால், வாடை அடித்தால்.

போகும் முன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓடும் சுத்தமான தண்ணீரில் கழுவி, காஸ் துணியால் மூடிக் காகித பிளாஸ்டரால் ஒட்டுவது. மஞ்சள், காப்பித்தூள், பேஸ்ட் எதையும் புண்ணில் வைக்காதீர்கள். மருத்துவருக்குப் புண்ணின் அடி தெரிய வேண்டும்.

தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை மாத்திரை கொடுப்பவர்கள் உங்கள் தெருவுக்கு வந்தால், அவர்களிடமும் காலைக் காட்டுங்கள். 2021 முதல் அவர்கள் வீடு வீடாக வருகிறார்கள். மாத்திரையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறோம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நோட்டையும் போனில் எடுத்த படங்களையும் அவர் போடும் செருப்பையும் எடுத்துப் போங்கள். புண் வந்த இடத்துக்கு நேராகச் செருப்பில் ஒரு தேய்மானமோ மேடோ பெரும்பாலும் இருக்கும்.